பேஸ் வாசிப்பவர் பெடல் வாங்கும்போது

பேஸ் கிட்டாருக்கு எந்த பெடல் வாங்கலாம் என்று கேட்டு வரும் தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது, "கம்பி எப்போ மாத்தினே?" என்றுதான். பெரும்பாலும் தலையைச் சொறிவார்கள். சென்னையின் உப்புக்காற்றும் விரல் வியர்வையும் சேர்ந்தால் ரவுண்ட்வவுண்ட் கம்பி சில வாரங்களிலேயே மங்கிவிடும். மங்கின கம்பியை எவ்வளவு விலையுள்ள பெடலுக்குள் விட்டாலும் மங்கின சத்தம்தான் பெரிதாகி வெளியே வரும். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கம் சேர்த்துத் துடைத்து வைத்தாலே அதன் ஆயுள் கூடும். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பியே மாற்றமாட்டாராமே என்று உடனே யாராவது கேட்பார்கள். உண்மைதான். 1960களில் டெட்ராய்ட் மோட்டவுன் ஸ்டூடியோவில் அவர் வாசித்தது 1962 மாடல் ஃபெண்டர் பிரிசிஷன். கனமான ஃபிளாட்வவுண்ட் கம்பி, வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்று, பெடல் கிடையாது. அந்த மந்தமான, உருண்டையான சத்தம் அவருடைய வாசிப்புக்கு வேண்டியிருந்தது. நாம் கம்பி மாற்றாமல் இருப்பதற்குக் காரணம் வேறு!

மெல்லிசைக் குழுக்களிலும் சின்ன பேண்டுகளிலும் வாசித்துப் பழகிய எனக்கு, பெடலோ சோலோவோ எதுவானாலும் ஒரே ஒரு சோதனைதான்: இது வந்தால் பாட்டின் அடி காலியாகிறதா? காலியாகிறது என்றால் எவ்வளவு அழகான சத்தமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம். வீட்டில் தனியாக உட்கார்ந்து ஹெட்போனில் கேட்கும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது. டிரம்ஸ், கீபோர்டு, தபேலா, இரண்டு பாடகர்கள் எல்லாரும் சேர்ந்து இறங்கும்போதுதான் தெரியும்.

டிஸ்டார்ஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கம்பி பேஸின் கீழ் ஈ சுமார் 41 ஹெர்ட்ஸ். லீட் கிட்டாருக்கென்று செய்த ஓவர்டிரைவ் பெடல்கள் அந்தப் பகுதியைப் பொருட்படுத்துவதில்லை. டியூப் ஸ்க்ரீமர் போன்றவை கீழ் ஒலியை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு நடு ஒலியைத்தான் உறுமவைக்கும். கிட்டாருக்கு அது வரம். நாம் அதை மிதித்தால் மேடை திடீரென்று இளைத்துப் போகும். ஆகவே பேஸுக்கு டிரைவ் வாங்கும்போது சுத்தமான சத்தத்தையும் கலந்து விடும் குமிழ் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாஸ் கம்பெனியின் ஓ.டி.பி-3 பெடலில் அதற்கு 'பேலன்ஸ்' என்று பெயர். வேறு பெடல்களில் 'பிளெண்ட்' என்றோ 'டிரை' என்றோ இருக்கும். அந்தக் குமிழ் இல்லாத டிரைவ் பெடலை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் கிட்டார் வாசிக்கும் நண்பருக்குக் கொடுத்துவிடுங்கள்.

பிக் மஃப் ஃபஸ்ஸைப் பற்றியும் சொல்லவேண்டும். தனியாக வாசித்தால் சுவர் அதிரும். பேண்டுக்குள் வந்ததும் காணாமல் போகும். நடு ஒலி பள்ளமாக வெட்டப்படுவதுதான் காரணம். காதுக்குக் குறிப்பு புரிவது அந்த நடுவில்தான். ஃபஸ் பைத்தியம் பிடித்த காலத்தில் எல்லாரும் குமிழை முழுக்கத் திருப்புவார்கள். கால்வாசிக்கு மேல் போகாமல் வாசித்துப் பாருங்கள், அதுவே போதும் என்று தெரியும்.

ஆனால் லேசான டிரைவ் வேண்டவே வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். இன்று கச்சேரி வீடியோவை முக்கால்வாசிப் பேர் கேட்பது போனில். போனின் குட்டி ஸ்பீக்கருக்கு 41 ஹெர்ட்ஸ் என்றால் என்னவென்றே தெரியாது. கொஞ்சம் டிரைவ் சேர்த்தால் அதே குறிப்பின் மேல் மடங்குகள், 82, 123, 164 என்று, பலமாக எழும்பும். அவற்றைக் கேட்டதும் மூளை இல்லாத அடியைத் தானாகப் போட்டு நிரப்பிக்கொள்ளும். பாடகரின் தங்கை ரெக்கார்டு செய்த கிளிப்பில் நம் பேஸ் கேட்கவேண்டுமானால் இதுதான் வழி. டிரைவ் போட்டிருக்கிறோம் என்றே கேட்பவருக்குத் தெரியக்கூடாது, அவ்வளவு சன்னமாக.

ஆக்டேவ் பெடலில் எனக்குக் கொஞ்சம் அதிக ஆசை. பாஸின் ஓ.சி-2 வந்தது 1982ல். பிறகு நிறுத்திவிட்டார்கள், இன்று பழைய சந்தையில் தேடுகிறார்கள். இப்போது வரும் ஓ.சி-5ல் அந்தப் பழைய குரலும் இருக்கிறது. பினோ பல்லடினோ ஃப்ரெட்லெஸ் பேஸோடு ஓ.சி-2வைச் சேர்த்து 80களில் உண்டாக்கிய சத்தத்தைக் கேட்டவர்கள் விடமாட்டார்கள். வாங்கியதும் எல்லாரும் செய்வது, திறந்த ஈ கம்பியைத் தட்டுவது. அதற்கு ஓர் ஆக்டேவ் கீழே என்றால் சுமார் 20 ஹெர்ட்ஸ். கல்யாண மண்டபத்தில் வைக்கும் சப்வூஃபர் அதைத் தரவே தராது, வெறும் ஆம்ப்ளிஃபையர் மூச்சு வாங்கும். பழைய வகை ஆக்டேவ் அந்த ஆழத்தில் குறிப்பைப் பிடிக்கத் தெரியாமல் கொப்பளிக்கவும் செய்யும். டி, ஜி கம்பிகளில் ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே போய், ஒரு நேரத்தில் ஒரே குறிப்பாக வாசித்துப் பாருங்கள். சின்தசைசர் பேஸ் மாதிரி அடி கனமாக நிற்கும்.

கம்ப்ரெஸரைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து. என் கருத்து: விரல் சீராக இல்லாததை மறைக்க வாங்காதீர்கள். அட்டாக் குமிழை மெதுவாக வைத்தால் விரல் கம்பியில் படும் அந்த 'டக்' தப்பி வெளியே வந்துவிடும், பின்னால் வரும் வீக்கம் மட்டும் அடங்கும். நாலுக்கு ஒன்று விகிதத்துக்கு மேல் நான் போவதில்லை. சவுண்டு டெஸ்கிலும் ஒரு கம்ப்ரெஸர் போடப் போகிறார்கள், இரண்டும் சேர்ந்து பேஸைச் சப்பட்டையாக்கிவிடும்.

கோரஸ் கீழ்க்குறிப்புகளில் போட்டால் சுருதி ஆடும். பாஸின் சி.இ.பி-3ல் கீழ் ஒலியைத் தொடாமல் விடும் குமிழ் ஒன்று வைத்திருப்பது அதனால்தான். பூட்ஸி காலின்ஸ் பாணி என்வலப் ஃபில்டர் வருடத்தில் இரண்டு பாட்டுக்கு உதவும். ரிவர்ப் பேஸுக்கு வேண்டாம், மண்டபமே தேவைக்கு மேல் தரும்.

பெடல்களை எந்த வரிசையில் வைப்பது? ட்யூனர், ஆக்டேவ், ஃபில்டர், கம்ப்ரெஸர், டிரைவ், கோரஸ், கடைசியில் சிக்னலை டெஸ்குக்கு அனுப்பும் ப்ரீஆம்ப் டி.ஐ. ஆக்டேவுக்குச் சுத்தமான சிக்னல் வேண்டும், அதனால் முன்னால். ஃபில்டர் திறப்பது விரல் அழுத்தத்தைப் பொறுத்தது, கம்ப்ரெஸரை அதற்கு முன்னால் வைத்தால் அழுத்த வித்தியாசமே அதற்குப் போய்ச் சேராது. இந்த இரண்டையும் தவிர மற்றவற்றை மாற்றிப் பார்ப்பதில் தப்பில்லை.

இதையெல்லாம் விட மேடையில் நேரத்தைத் தின்பது மின்சாரம். ஒரு கோயில் திருவிழா. பந்தலுக்குப் பின்னால் ஜெனரேட்டர். டெஸ்கில் இருந்த தம்பி கையைத் தூக்கி, "அண்ணே, உங்க லைன்ல ம்ம்ம்னு ஒரே இரைச்சல்" என்கிறார். ஒவ்வொரு பெடலாகக் கழற்றினாலும் இரைச்சல் போகவில்லை. என் ஆம்ப் மேடையின் இடது பக்கப் பெட்டியில் செருகியிருந்தது, டெஸ்க் கூட்டத்துக்கு நடுவில் வேறொரு லைனில். இரண்டுக்கும் எர்த் வேறு வேறு பாதையில் ஓடிச் சுற்றிக்கொண்டிருந்தது. டி.ஐ. பெட்டியின் பக்கவாட்டில் நகம் நுழையாத அளவு உள்ளே பதிந்த 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் ஒன்று உண்டு. பால்பாயிண்ட் பேனா முனையால் அதைக் குத்தினேன். இரைச்சல் நின்றது. தம்பி கட்டைவிரலைக் காட்டினார்.

இதே இரைச்சலுக்கு வேறு சிலர் செய்யும் வைத்தியம் பிளக்கின் மூன்றாவது பின்னைக் கழற்றிவிடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஆம்பில் கசிவு இருந்தால் மின்சாரம் கம்பி வழியாக உங்கள் விரலுக்கு வரும். உதடு மைக்கைத் தொட்டால் அங்கே முடியும். கிரவுண்ட் லிஃப்ட் வெட்டுவது ஆடியோ கேபிளின் எர்த்தை, ஆம்பின் எர்த்தை அல்ல. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் போதும்.

அடாப்டர் விஷயத்திலும் கஞ்சத்தனம் கூடாது. பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். எல்லாமே அப்படி அல்ல, அடியில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள். சாதாரண அனலாக் பெடல் சில மில்லி ஆம்பியரில் பிழைத்துக்கொள்ளும். டிஜிட்டல் பெடல் 200, 300 என்று கேட்கும். இரண்டையும் ஒரே ஒயரில் சங்கிலியாகக் கோத்தால் 'கீய்ய்' என்று கொசுச் சத்தம் வரும். ஒவ்வொரு வழியும் தனித்தனியாகப் பிரிந்த பவர் சப்ளை வாங்கினால் அந்தத் தொல்லை போகும்.

பேஸ் வாங்குவதைப் பற்றியும் கேட்பார்கள். நம் மெல்லிசை மேடைக்கு ஐந்து கம்பி நல்லது. காரணம் ஸ்டைல் அல்ல, பாடகர். மைக் முன்னால் வந்து நின்றபிறகு, "அரைக் கட்டை இறக்கிக்கலாமா மாஸ்டர்?" என்பார். கீபோர்டு வாசிப்பவர் ஒரு பட்டனை அழுத்தி முடித்துவிடுவார். நான்கு கம்பி பேஸின் அடி ஈ, அதாவது மூன்று கட்டை. பாட்டு இரண்டரைக்கோ இரண்டுக்கோ இறங்கினால் ரூட்டுக்குக் கீழே போக இடமில்லை, மேலே தாவவேண்டும், அடி காலி. ஐந்து கம்பியில் பி கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் இரண்டு கட்டை கனமாகக் காத்திருக்கும். கடையில் சோதிக்கும்போது பி கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டையும் திறந்த ஈ கம்பியையும் மாற்றி மாற்றித் தட்டுங்கள். இரண்டும் ஒரே குறிப்பு. பி கம்பியில் மட்டும் தொளதொளவென்று கேட்டால் அந்த பேஸை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஆக்டிவ் பேஸ் என்றால் ஜாக்கைச் செருகி வைத்திருக்கும் வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும். ரிகர்சல் முடிந்ததும் கேபிளைக் கழற்றுங்கள், பையில் ஒரு 9 வோல்ட் பேட்டரி உபரியாக இருக்கட்டும்.

இனி சோலோ. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேண்டீனைப் பார்த்து நடக்கும் கூட்டத்தை மார்கழி சபாக்களில் பார்த்திருப்பீர்கள். பேஸ் சோலோவுக்கும் அதே மரியாதைதான் கிடைக்கிறது. ஆனால் தனி ஆவர்த்தனத்தில் ஒன்றைக் கவனியுங்கள். மிருதங்கக்காரர் எங்கே போனாலும் பாடகரின் கை தாளத்தை விடாது. பேஸ் சோலோவில் பெரும்பாலும் எல்லாரும் வாசிப்பதை நிறுத்திவிட்டு தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்கள். அடியில் இருந்தவர் மாடிக்கு ஏறிவிட்டார், கீழே ஆளில்லை. கேட்பவர் பிடி கிடைக்காமல் எழுந்துபோவதில் ஆச்சரியம் என்ன?

நல்ல பேஸ் சோலோக்களைக் கேட்டால் அடியை யாரோ பார்த்துக்கொள்கிறார்கள் என்பது புரியும். தி ஹூ குழுவின் 'மை ஜெனரேஷன்' பாட்டில் (1965) ஜான் என்ட்விஸில் நீளமாகப் பேசுவதில்லை. சின்னச் சின்னத் துண்டு வாசித்து கிட்டாருக்கு இடம் விடுகிறார், டிரம்ஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜாக்கோ பாஸ்டோரியஸ் 1976ல் வெளியிட்ட ஆல்பத்தில் 'போர்ட்ரெய்ட் ஆஃப் டிரேஸி' முழுக்க ஒற்றை பேஸ். ஹார்மானிக்ஸில் மெட்டு, கீழே அவரே பிடித்து வைக்கும் அடிக்குறிப்பு. மேடையில் அவர் செய்தது இன்னும் கெட்டிக்காரத்தனம். டிஜிட்டல் டிலே கருவியில் ஒரு ரிஃபைச் சுற்றவிட்டு, அது ஓடும்போதே அதன் மேல் சோலோ வாசித்தார். பெடல் வாங்குவதற்கு அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. மெட்டாலிகாவின் முதல் ஆல்பத்தில் (1983) கிளிஃப் பர்ட்டன் டிஸ்டார்ஷனும் வாவும் போட்டு வாசித்த சோலோவை நான் மதிக்கிறேன், ஆனால் எனக்கு அது உயிர்பெறுவது பாதியில் டிரம்ஸ் உள்ளே வந்தபிறகுதான்.

நம் பக்கம் பேஸுக்கு சோலோ தேவைப்பட்டதே குறைவு என்பது என் எண்ணம். 80களில் இளையராஜாவின் குழுவில் சசிதரன் வாசித்த பேஸ், பாடகர் பாடிக்கொண்டிருக்கும்போதே அடியில் இன்னொரு மெட்டாக நடக்கும். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸும் அப்படித்தான், கூட்டத்துக்கு நடுவிலிருந்தே பேசுவார். அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, எல்லாரையும் நிறுத்திவிட்டு வாசிக்கும் நான்கு நிமிட சோலோ கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தோன்றும். மும்பையின் மோகினி டே மாதிரி வேகமும் கணக்கும் கையில் இருப்பவர்கள் விதிவிலக்கு. அவர்கள் வாசிக்கட்டும், நான் முதல் வரிசையில் உட்காருவேன்.

பணம் குறைவாக இருப்பவர்கள் இந்த வரிசையில் வாங்குங்கள்: நல்ல கம்பி, ட்யூனர், ப்ரீஆம்ப் டி.ஐ., பவர் சப்ளை. எந்த எஃபெக்ட் பிடிக்கும் என்றே தெரியாவிட்டால் ஜூம் போன்ற மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி ஆறு மாதம் வாசித்துவிட்டு, அடிக்கடி மிதித்தது எதுவோ அதற்கு மட்டும் தனிப் பெடல் வாங்குங்கள். சோலோ கிடைத்தால் எட்டு பார் போதும். டிரம்மர் நிறுத்தக்கூடாது, கீபோர்டின் இடது கை ரூட்டைப் பிடிக்கவேண்டும் என்று இரண்டு பேரிடமும் மேடையேறுவதற்கு முன்பே சொல்லி வையுங்கள்.