ட்ரெய்லர் மாட்டும் முன் மிரரைக் கவனி, தங்கச்சி

தங்கச்சி, டகோமா பிக்கப் வாங்கியாச்சு, எட்டடி அகலத்தில் ஒரு ட்ராவல் ட்ரெய்லரும் பேசி முடித்தாச்சு என்றாய். வண்டி 6,500 பவுண்டு வரை இழுக்கும், ட்ரெய்லர் 5,000-ஐத் தாண்டாது, அதனால் கவலையில்லை என்று உன் வீட்டுக்காரர் சொன்னாராம். கணக்கு சரிதான். ஆனால் இழுப்பதை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். பின்னால் வருகிறவனை நீதான் பார்க்க வேண்டும். அதற்கு வண்டியோடு வந்த மிரர் போதாது. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு யோசெமிட்டி கிளம்புவதற்கு முன்னால் இந்த ஒரு வேலையை முடித்துவிடு.

ஏன் போதாது என்று கேட்பாய். உன் ட்ரக்கின் உடம்பு ஆறரை அடிக்குள், ஏறத்தாழ 77 அங்குலம். ட்ரெய்லர் 96 அங்குலம். இரண்டு பக்கமும் ஒன்பது, பத்து அங்குலம் ட்ரெய்லர் வெளியே துருத்திக்கொண்டு வரும். கலிபோர்னியாவில் 102 அங்குலம் வரை அனுமதி உண்டு. அந்த அளவு ட்ரெய்லர் என்றால் பக்கத்துக்கு ஓர் அடியே கூடிவிடும். மிரர் அந்தச் சுவரின் விளிம்புக்கு உள்ளே நிற்கிற வரை, நீ அதை எப்படித் திருப்பினாலும் ட்ரெய்லருக்குப் பின்னால் இருப்பதை அதன் முன்சுவர் மறைத்துவிடும். பெரிய கண்ணாடி வாங்கினாலும் இதே கதைதான். கண்ணாடி எவ்வளவு பெரிது என்பதை விட்டுவிடு. அது எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பதுதான் கணக்கு. மிரரின் ஓரத்தில் ஒட்டும் சின்ன வட்டக் கண்ணாடி மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அதுவும் அதே இடத்தில் நின்றுதானே பார்க்கிறது!

எஃப்-150, சில்வராடோ மாதிரி பெரிய ட்ரக்குகளில், இழுத்தால் வெளியே நீளும் டோயிங் மிரரைத் தயாரிப்பாளர்களே தருகிறார்கள். உன் டகோமா மாதிரி நடுத்தர பிக்கப்புகளில் பெரும்பாலும் அது கிடையாது. நம் ஆட்கள் இழுவைத் திறனை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுவது இங்கேதான்.

கடைக்குப் போகும் முன் ஒரு டேப்பை எடு. ட்ரெய்லரின் அகலத்தை அதன் மிக அகலமான இடத்தில் அள. வலப்பக்கம் சுருட்டி வைத்திருக்கும் ஆனிங் என்ற வெயில் மறைப்பையும் சேர்த்துக்கொள், அது இன்னும் சில அங்குலம் தள்ளி நிற்கும். பிறகு ட்ரக்கின் இடது மிரர் வெளி விளிம்பிலிருந்து வலது மிரர் வெளி விளிம்பு வரை அள. இந்த இரண்டாவது அளவு ட்ரெய்லர் அகலத்தைவிடப் பக்கத்துக்கு நாலு அங்குலமாவது கூடுதலாக வர வேண்டும் என்பது என் கணக்கு. பக்கத்துக்குக் குறைகிற அங்குலம்தான் நீ வாங்க வேண்டிய நீட்டம்.

வாங்குவதில் மூன்று வழி. பழைய மிரரைக் கழற்றிவிட்டு முழு டோயிங் மிரர் போடுவது முதல் வழி. உன் மாடலுக்குக் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும் மிரரில் படாத இடத்தில் வண்டி வந்தால் எச்சரிக்கும் பிளைண்ட் ஸ்பாட் விளக்கு, கேமரா, சூடேற்றும் கம்பி எல்லாம் போய்விடலாம். வருஷத்தில் சில வாரக்கடைசிகள் மட்டும் இழுக்கிறவளுக்கு அது வேண்டாம். கதவுக் கண்ணாடியில் உறிஞ்சு கப்பும் கொக்கியும் போட்டு மாட்டுவது இரண்டாவது. வெயிலில் கப் பிடி விடும், பெயின்ட்டும் கீறும். எனக்குப் பிடித்தது மூன்றாவது: இருக்கிற மிரர் கூட்டின் மேலேயே பட்டையாலோ திருகுப் பிடியாலோ இறுக்கும் கிளிப்-ஆன் மிரர். பிரிட்டனில் கேரவன் இழுக்கிறவர்கள் பயன்படுத்தும் மிலென்கோ மாதிரி, மேலும் கீழும் கவ்விப் பிடிக்கிற வகை நன்றாக நிற்கும். உன் மாடலின் மிரர் கூட்டுக்கென்றே அச்செடுத்துச் செய்தது கிடைத்தால் அதையே எடு.

அடுத்து, தட்டைக் கண்ணாடியா, குவியாடியா? பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். குவியாடி அகலமாகக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சின்னதாக்கிவிடும். பின்னால் வருகிறவன் தூரத்தில் இருப்பதாக நினைத்து லேன் மாறுவாய், அவன் பக்கத்தில் இருப்பான். அமெரிக்கச் சட்டப்படி ஓட்டுநர் பக்க மிரர் தட்டையாக இருக்க வேண்டும். பயணி பக்கம் குவிந்திருக்கலாம், அதனால்தான் அதில், தெரிவதைவிடப் பொருள் பக்கத்தில் இருக்கிறது என்ற எச்சரிக்கை வரியைப் பொறித்திருக்கிறார்கள். கிளிப்-ஆன் வாங்கும்போதும் இடது பக்கத்துக்குத் தட்டையே வாங்கு. வலதுக்கு என் யோசனை: அதுவும் தட்டை, அதன் கீழ் வெளிமூலையில் இரண்டு அங்குல வட்டக் குவியாடி ஒன்று. தூரத்தைத் தட்டையில் பார், பக்கத்தில் யாராவது ஒட்டி வருகிறார்களா என்பதைக் குவியாடியில் பார். முன்னால் அது மட்டும் போதாது என்று சொன்ன அதே வட்டம், வெளியே நீண்ட மிரரில் ஒட்டும்போது நல்ல வேலை செய்யும்.

கிளிப்-ஆனில் எல்லாரும் சொல்லும் குறை, வேகம் கூடினால் ஆடும் என்பது. உண்மைதான். ஆடுகிற கண்ணாடியில் பின்னால் வருவது லாரியா காரா என்றுகூடத் தெரியாது. பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி, கூட்டுக்கும் பிடிக்கும் நடுவில் வை. ரப்பர் அதிர்வைக் குடித்துவிடும், பெயின்ட்டும் கீறாது. நீட்டும் கையைத் தேவைக்கு மேல் ஓர் அங்குலம்கூட நீட்டாதே, நீளம் கூடக் கூட ஆட்டமும் கூடும். பட்டை தளர்ந்து விழுந்தால் பின்னால் வருகிறவன் முகப்புக் கண்ணாடி போய்விடும், அதனால் ஒரு மெல்லிய கயிறால் மிரர் கூட்டோடு கட்டிவிடு. கிளம்பிக் கால் மணி நேரத்தில் ஓர் இடத்தில் நிறுத்தி மறுபடி இறுக்கு.

மிரரைச் சரிசெய்யும் நேரம் முக்கியம். ட்ரெய்லரை மாட்டி, சாமான், தண்ணீர், குழந்தைகள் எல்லாம் ஏற்றிய பிறகுதான் செய்ய வேண்டும். ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதை ட்ரக்கோடு மாட்டும் ஹிட்ச்சில் இறங்கும். 5,000 பவுண்டுக்கு 500 முதல் 750 பவுண்டு. ட்ரக்கின் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், மிரரின் பார்வை சாலைப் பக்கம் தாழ்ந்துவிடும். வீட்டு வாசலில் வெறும் ட்ரக்கில் வைத்த கோணம் அங்கேயே செத்துப்போச்சு. நேரான சாலையில் ட்ரக்கும் ட்ரெய்லரும் ஒரே கோட்டில் நிற்கட்டும். கண்ணாடியின் உள் ஓரத்தில் கால் பங்குக்குக் குறைவாக ட்ரெய்லர் சுவர் தெரியட்டும், மீதியெல்லாம் சாலை. தனியாக ஓட்டும்போது வண்டியின் பக்கமே தெரியாதபடி மிரரை வெளியே திருப்பு என்று சொல்வார்களே, அந்தப் பாடம் இங்கே ஆகாது. சுவர் கொஞ்சம் தெரிந்தால்தான் ட்ரெய்லர் ஆடுகிறதா என்று தெரியும். அடிவானம் மேல் மூன்றில் ஒரு பங்கில் வரட்டும். ட்ரெய்லரின் டயரும் ஏதாவது ஒரு கண்ணாடியில் கட்டாயம் தெரிய வேண்டும். டயர் வெடித்தால் ட்ரக்குக்குள் உனக்குச் சத்தமே கேட்காமல் போகலாம், கண்ணில்தான் படும்.

இதைச் சும்மா நம்பாதே, நடக்கவிட்டுப் பார். காலியான பார்க்கிங்கில் நீ சீட்டில் உட்கார்ந்துகொள். உன் வீட்டுக்காரரை ட்ரெய்லரின் பின்முனையிலிருந்து பக்கத்து லேன் இருக்கும் இடத்தில் முன்னோக்கி நடந்து வரச் சொல். அவர் எந்த இடத்தில் கண்ணாடியிலிருந்து மறைகிறார், எந்த இடத்தில் உன் ஓரக்கண்ணில் மறுபடி வருகிறார் என்று தரையில் சாக்பீஸால் கோடு போடச் சொல். இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு கார் அடங்கினால் வட்டக் குவியாடியைத் திருப்பி, திரும்பப் பார். பிறகு பின்பக்கம் 200 அடி தள்ளிப் போய் நிற்கச் சொல். கலிபோர்னியா வாகனச் சட்டம் மிரரில் குறைந்தது அவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்கிறது. ஆள் தெரிந்தால் சரி.

வலது மிரரை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் தெரியுமா? ட்ரெய்லர் இழுத்தால் இந்த மாநிலத்தில் உச்ச வேகம் மணிக்கு 55 மைல். வலது ஓர லேனில்தான் போக வேண்டும். ஒரு பக்கத்துக்கு நாலு லேனோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த லேனும் உனக்கு உண்டு. ஆகவே ஒவ்வொரு நுழைவுச் சாலையிலிருந்தும் ஃப்ரீவேயில் ஏறுகிறவன் உன் வலது தோளுக்குத்தான் வருவான், ட்ரெய்லருக்குப் பக்கத்தில் ஒளிந்துகொண்டு. அந்தப் பக்கம் நன்றாகத் தெரிந்தால் அவனுக்கு முன்கூட்டியே இடம் விடலாம். இடது மிரர் வேறு காரணத்துக்கு வேண்டும். பதினெட்டுச் சக்கர லாரி உன்னைத் தாண்டும்போது, அது தள்ளும் காற்று முதலில் ட்ரெய்லரின் பின்பக்கத்தை ஓரத்துக்குத் தள்ளும், பிறகு தன் பக்கம் இழுக்கும். அது வருவதை முன்பே பார்த்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி, ஸ்டீயரிங்கை நிதானமாகப் பிடித்திருப்பாய். 580 ஃப்ரீவேயில் ஆல்டமான்ட் கணவாய் ஏறும்போது இது ரொம்ப முக்கியம். காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டிருக்கிறார்கள்?

கேமரா போட்டுக்கொள்ளலாமே என்பாய். போடு, நல்லது. புது ட்ரெய்லர்கள் பலவற்றில் பின்சுவரில் ஃபுரியன் கேமரா மாட்ட வயர் இழுத்தே வருகிறது. ஆனால் அது பின்னால் ஒட்டி வருகிறவனைக் காட்டும். பக்கத்து லேனுக்கு மிரர்தான். ஃபோர்டு ரேஞ்சரில் ட்ரெய்லரின் அளவைக் கொடுத்தால் 33 அடி நீளம் வரை சேர்த்துப் பார்க்கும் பிளைண்ட் ஸ்பாட் வசதி கிடைக்கிறது. அதையும் மிரருக்குத் துணையாக மட்டும் வை.

முகாமில் ரிவர்ஸ் எடுக்கும்போது எப்போதும் இடப்பக்கம் வளைவது போல வழியைத் தேர்ந்துகொள். ட்ரெய்லரின் பின்முனை உன் பக்கத்து மிரரில் தெரிந்துகொண்டே இருக்கும். வலப்பக்கம் வளைத்தால் அது கண்ணிலிருந்து ஓடிவிடும். பின்னால் நின்று கை காட்டுகிறவர் யாராக இருந்தாலும், அவர் முகம் உன் மிரரில் தெரியாத கணமே பிரேக்கை மிதி. குழந்தைகள் ட்ரக்குக்குள் இருக்கட்டும்.

ட்ரெய்லரைக் கழற்றியதும் மிரரையும் கழற்று. நீட்டிக்கொண்டே சுற்றினால் பார்க்கிங்கில் இடிக்கும், நடக்கிறவர் தோளிலும் படும். கழற்றும்போதே இடது, வலது என்று டேப் ஒட்டி, ரப்பர் துண்டுகளோடு ஒரே பெட்டியில் போட்டுப் பின்சீட்டுக்கு அடியில் வை.