ஆப்பிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட்டை அழைப்பது எப்படி?

மொபைல் ஆப்பில் சில சமயம் மேலே உள்ள பட்டன் ஆப்புக்குச் சொந்தமாகவும், கீழே தெரிவது ஒரு வலைப்பக்கமாகவும் இருக்கும். ஆண்ட்ராய்டில் இப்படிப் பக்கத்தைக் காட்டும் பகுதிக்கு வெப்வியூ என்று பெயர். பட்டனை இயக்குவது ஜாவா அல்லது கோட்லின். பக்கத்தை இயக்குவது ஜாவாஸ்கிரிப்ட். பட்டனைத் தட்டியதும் பக்கத்தில் உள்ள ‘வட்டிக்கணக்கு’ என்ற ஃபங்ஷன், அதாவது கணக்கிடும் சிறு நிரல், இயங்க வேண்டும். என்ன செய்வது?

1. வெப்வியூவில் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு அனுமதி கொடுங்கள். நாமாகக் கொடுக்காதவரை அது இயங்காது.

2. பக்கம் முழுவதும் வந்து சேரும்வரை பொறுங்கள். அதற்கு முன் அழைத்தால் அந்த ஃபங்ஷனே அங்கு இருக்காது.

3. ‘எவாலுவேட் ஜாவாஸ்கிரிப்ட்’ கட்டளையில் ‘வட்டிக்கணக்கு(50000)’ என்று எழுதி அனுப்புங்கள். 2013-ல் வெளிவந்த ஆண்ட்ராய்ட் 4.4 முதல் இந்த வசதி உள்ளது.

4. விடை உடனே கிடைக்காது. கணக்கு முடிந்த பின், அதைப் பெறுவதற்கென்று நீங்கள் எழுதி வைத்த இன்னொரு ஃபங்ஷனுக்கு வந்து சேரும். அதுவரை ஆப்பை நிறுத்தி வைத்தால் திரை உறைந்துவிடும்.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. நீங்கள் அனுப்பும் கட்டளை வெறும் எழுத்துத் தொடர்தான். பயன்படுத்துபவர் டைப் செய்ததை அப்படியே அதில் ஒட்டினால், ஒரு மேற்கோள் குறியே கட்டளையை உடைத்துவிடும். விஷமிகள் அதே வழியில் தங்கள் கட்டளையை நுழைத்து, பக்கத்தில் உள்ள விவரங்களைத் திருடலாம். எனவே எண் கேட்டால், வந்தது எண்தானா என்று சோதியுங்கள். எழுத்து என்றால், மேற்கோள் குறிகளையும் பத்திரமாகக் கட்டித் தரும் ஜேசன் வடிவுக்கு மாற்றிய பிறகே அனுப்புங்கள்.