ஒவ்வொருவரும் தேவைப்படும் குழு
மாணவப் பொறுப்பாளர்களுக்கான மூன்று செயல்பாடுகள்

பள்ளி திறந்த சில வாரங்களில் மாணவப் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். காலை வணக்கக் கூட்டம், நூலகம், விளையாட்டுப் பொருள்கள், தோட்டம், குடிநீர், அறிவிப்புப் பலகை, மன்றங்கள் என ஒரு நடுநிலைப் பள்ளியிலேயே பத்துப் பன்னிரண்டு பேருக்கு வேலை இருக்கிறது. ஆனால், பொறுப்பைப் பிரித்துக் கொடுத்ததும் குழு உருவாகிவிடுவதில்லை. நன்றாகப் பேசும் இரண்டு மூன்று பேர் எல்லா வேலைகளையும் எடுத்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் பேட்ஜ் குத்திக்கொண்டு ஓரமாக நிற்கிறார்கள். 'நான் இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்' என்பதையே அந்தக் குழந்தைகள் ஆண்டு முழுவதும் கற்றுக்கொள்கிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் குழந்தைக்கு இது ஆபத்தான பாடம். பள்ளியைவிட்டு நிற்பதற்கு முன் பல குழந்தைகளின் மனத்தில் இந்த எண்ணம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் 1971இல் இதுபோன்ற ஒரு சிக்கல் எழுந்தது. அதுவரை தனித்தனியாகப் படித்த வெவ்வேறு இனக் குழந்தைகள் ஒரே வகுப்பறைக்கு வந்தபோது மோதல்கள் ஏற்பட்டன. உளவியல் அறிஞர் எலியட் ஆரன்சனும் அவருடைய மாணவர்களும் ஒரு வழி கண்டார்கள். பாடத்தைப் பல துண்டுகளாக்கி, குழுவில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு துண்டை மட்டும் கொடுத்தார்கள். ஒருவர் படித்ததை மற்றவர்கள் அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். தயங்கிப் பேசும் குழந்தையைக் கேலி செய்தால் தேர்வில் தமக்கே நட்டம் என்று உணர்ந்த மற்றவர்கள், பொறுமையாகக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். அறிவுரையால் வராத மாற்றம், வேலையை அமைத்த முறையால் வந்தது. இந்தக் கருத்தை அடிப்படையாகக் கொண்டே எங்கள் பள்ளிப் பொறுப்பாளர்களுக்கான செயல்பாடுகளை அமைத்தேன்.

செயல்பாடு 1: என் கைவேலை

தேவையானவை: பழைய நாள்காட்டித் தாள்கள், பசை, ஒரு சார்ட்.

ஒவ்வொருவரும் ஒரு தாளில் இரண்டு வரி எழுத வேண்டும். முதல் வரி, 'எனக்கு இது நன்றாக வரும்'. இரண்டாம் வரி, 'இதில் எனக்கு உதவி வேண்டும்'. ஒரு நிபந்தனை: மதிப்பெண்ணையும் பாடத்தையும் எழுதக் கூடாது. முதலில் 'எனக்கு ஒன்றும் தெரியாது சார்' என்பார்கள். 'வீட்டில் என்ன வேலை செய்வாய்?' என்று கேட்டால் தாள் நிரம்பிவிடும். சைக்கிள் பஞ்சர் ஒட்டுவது, பூக் கட்டுவது, கோலம், சிலம்பம், தம்பியைத் தூங்க வைப்பது, சந்தையில் சில்லறைக் கணக்கு என்று எழுதுவார்கள்.

தாள்களைச் சார்ட்டில் ஒட்டியபின், ஒருவரின் இரண்டாம் வரிக்கு உதவக்கூடிய முதல் வரி யாரிடம் இருக்கிறது என்று தேடி, இரண்டையும் கோட்டால் இணைக்கச் சொல்லுங்கள். பொறுப்புகளை இதற்குப் பிறகு பிரிப்பதே நல்லது. விடியற்காலையில் அப்பாவுடன் பூ மார்க்கெட்டுக்குப் போய்வரும் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், 'மனக்கணக்கு வரும், எழுத உதவி வேண்டும்' என்று எழுதியிருந்தான். நூலகப் புத்தகக் கணக்கை அவனிடம் கொடுத்து, பதிவேடு எழுத ஒரு மாணவியைத் துணையாக்கினோம். எந்தப் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறது என்பதைப் பதிவேட்டைப் பாராமலே சொல்லிவிடுவான். மூன்றாம் பருவத்தில் பதிவேட்டில் அவன் கையெழுத்தும் வரத் தொடங்கியது.

செயல்பாடு 2: துண்டுச் சீட்டு

ஆறு பேருக்கு ஆறு சீட்டுகள். சீட்டைப் பிறரிடம் காட்டக் கூடாது. வாயால்தான் சொல்ல வேண்டும். இருபது நிமிடங்களில் ஆண்டு விழாவுக்கான நிகழ்ச்சி நிரலைக் குழு தயாரிக்க வேண்டும்.

சீட்டு 1: விழா 2.00 மணிக்குத் தொடங்கி 3.30க்குள் முடிய வேண்டும்.
சீட்டு 2: வரவேற்பு 5 நிமிடம், பேச்சு 10, நடனம் 15, பரிசளிப்பு 20, நாடகம் 25. வரவேற்புதான் முதலில்.
சீட்டு 3: நடனத்துக்கான ஒலிபெருக்கி 2.10க்குத்தான் வரும்.
சீட்டு 4: நாடகக் குழுவுக்கு ஒப்பனை முடிய 2.30 ஆகும்.
சீட்டு 5: பேசும் மாணவியை அழைத்துப்போக 2.20க்கு ஆட்டோ வந்துவிடும்.
சீட்டு 6: பரிசு வழங்கும் விருந்தினர் 3.00 மணிக்குக் கிளம்பிவிடுவார்.

ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக வரும். வழக்கம்போலப் பரிசளிப்பைக் கடைசியில் வைத்தால் ஆறாம் சீட்டு இடிக்கும். ஆகவே, குழுவில் மிகக் குறைவாகப் பேசுபவரிடம் ஆறாம் சீட்டைக் கொடுங்கள். சத்தமாகப் பேசுபவர்கள் நிரலை எழுதி முடித்த பிறகு, அந்தக் குழந்தை மெல்ல, 'அதற்குள் விருந்தினர் போய்விடுவாரே' என்று சொல்லும். எல்லோரும் அதன் பக்கம் திரும்புவார்கள். அந்த நேரத்தில் ஆசிரியர் எதுவும் பேசாமல் இருப்பது முக்கியம். முடிந்ததும், 'யார் சொன்னதைக் கேட்காமல் விட்டிருந்தால் விழா கெட்டிருக்கும்?' என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். ஆறு பேரின் பெயரும் வரும்.

செயல்பாடு 3: நான் பார்த்தது

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் போதும். வட்டமாக அமர்ந்து, தன் வலப்பக்கம் இருப்பவர் அந்த வாரத்தில் செய்த ஒரு செயலைச் சொல்ல வேண்டும். 'இவள் நல்லவள்' என்பது செல்லாது. 'செவ்வாய்க்கிழமை குடிநீர்த் தொட்டிக் குழாய் ஒழுகியதை முதலில் பார்த்துச் சொன்னாள்' என்பது செல்லும். தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அடுத்தவரைக் கவனிக்கும் பழக்கம் வாரம் முழுவதும் வருகிறது. உட்காரும் வரிசையை வாரந்தோறும் மாற்றுங்கள்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

• முதல் செயல்பாட்டில் வீட்டுத் தொழிலையோ சாதியையோ சுட்டும் பேச்சு எழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தை தானாக எழுதுவதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.
• பூக் கட்டத் தெரிந்தவள் என்பதற்காக விழாக்களில் எப்போதும் பூ வேலையே கொடுப்பது இன்னொரு முத்திரை. தெரிந்த வேலையில் தொடங்கி, பருவத்துக்கு ஒருமுறை பொறுப்பை மாற்றுங்கள். பழைய பொறுப்பாளர் புதியவருக்கு ஒரு வாரம் கற்றுத் தரட்டும்.
• பெருக்குவது பெண்களுக்கு, மேசை தூக்குவது ஆண்களுக்கு என்ற பிரிவினை சார்ட்டில் தெரிந்தால் அதைக் குழுவிடமே காட்டிக் கேளுங்கள்.
• வெற்றி, தோல்வி, பரிசு வேண்டாம்.

தொடக்கப் பள்ளியில் சீட்டுகளை நான்காகக் குறைத்து, எழுத்துக்குப் பதில் படங்களைப் பயன்படுத்தலாம். மகிழ் முற்றத்தின் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை குழுக்களிலும் இவற்றை நடத்தலாம். நிலத்துக்கு நிலம் தொழிலும் பறையும் யாழும் வேறுபடும் என்பதைத் தமிழாசிரியர் ஒருவர் ஐந்து நிமிடம் சொல்லிவிட்டுத் தொடங்கினால், வேறுபாடு குறையில்லை என்பதைக் குழந்தைகள் எளிதில் பிடித்துக்கொள்வார்கள்.

இந்த மூன்றுக்கும் சேர்த்து மாதத்துக்கு இரண்டு பாடவேளைகளுக்கு மேல் ஆகாது. வரும் வாரம் ஒரு நாள், உங்கள் பள்ளிப் பொறுப்பாளர்களில் யாருடைய குரலை நீங்கள் இதுவரை கேட்டதில்லை என்று ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள். ஆறாம் சீட்டை அவர்களில் ஒருவரிடம் கொடுத்துத் தொடங்கலாம்.