அறிந்து தரும் ஒப்புதல்

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் பெங்களூருவில் தொடங்கி வைக்கப்பட்டது. கர்நாடகம், தமிழ்நாடு முதலிய பகுதிகளில் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அவ்வூசி செலுத்தப்பட்டது. கருவுற்ற தாயை ரூபெல்லா தாக்கினால், பிறக்கும் குழந்தையின் கண்ணும் செவியும் இதயமும் பழுதுறக்கூடும். ஆகவே தடுப்பூசியின் பயனில் ஐயமில்லை. எனினும் வாட்ஸ்அப் வழியே பரவிய வதந்திகளால் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலர் தயங்கினர். அவர்களுக்கு வேண்டியிருந்தது விளக்கமே.

பயனையும் பக்கவிளைவையும் கேட்டு, புரிந்துகொண்டு, வற்புறுத்தலின்றிச் சொல்லும் 'சரி' என்பதே அறிந்து தரும் ஒப்புதல். இந்தியாவில் 18 வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ அதனைத் தருவர். பள்ளி தரலாமா?

இவ்வினா அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில் எழுந்தது. அங்கு 2009இல் ஓர் ஆய்வுத் திட்டத்தின்கீழ், 10 முதல் 14 வயதுச் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி செலுத்தப்பட்டது. அவர்களுள் பலர் விடுதிகளில் தங்கிப் பயின்ற பழங்குடியினர். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. பின்னர் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களுள் 2,763இல் கையொப்பமிட்டிருந்தோர் விடுதிக் காப்பாளரே! திட்டக் காலத்தில் சிறுமியர் சிலர் இறந்தமைக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. ஆயினும் ஒப்புதல் பெற்ற முறை பிழையானது. ஊசி நல்லது என்பதால் கேளாமலே செலுத்திவிட இயலாது.

2019இல் தில்லி உயர் நீதிமன்றமும், பெற்றோர் மறுத்த மாணவர்களுக்குப் பள்ளியில் தடுப்பூசி செலுத்தலாகாது என்றது.

பிள்ளையின் சொல்லுக்கும் இடமுண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, ஆய்வில் பங்குபெறும் 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் வாய்மொழியாகவும், அதற்கு மேல் 18 வயது வரை எழுத்து வடிவிலும் இசைவு பெறவேண்டும். இது பெற்றோர் ஒப்புதலுக்கு மாற்றன்று. அதனோடு சேர்த்துப் பெறுவது.

பெங்களூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. பள்ளியிலிருந்து வரும் படிவம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அம்மொழியை அறியாத தாய்க்கு அதனைப் படித்துப் பொருள் சொல்பவர் பெரும்பாலும் பிள்ளையே. பிள்ளை ஒரு வரியை விட்டுவிட்டால், தாய் அதனை அறியாமலே கையொப்பமிடுவார்.

பயிற்சி
1. ஒப்புதல், இசைவு ஆகியவற்றின் வேறுபாட்டை எழுதுக.
2. தடுப்பூசிப் படிவத்தில் கையொப்பமிடுமுன் பெற்றோர் கேட்டறிய வேண்டிய நான்கு வினாக்களைத் தமிழில் எழுதி, வீட்டில் படித்துக் காட்டுக.