குறைமாதக் குழவியும் ஆட்டிசமும்

தாய் வயிற்றில் ஏறத்தாழ 40 வாரம் வளர்தற்குரிய குழவி, 32 வாரம் நிரம்புமுன் பிறப்பின் மிகு குறைமாதக் குழவி எனப்படும். மூளை விரைந்து வளரும் இறுதி வாரங்களைப் புறத்தே கழிக்கும் அக்குழவிக்கு ஆட்டிசம், அஃதாவது பிறரோடு பேசிப் பழகுதலில் இடர்ப்படும் நிலை, பின்னர்த் தோன்றும் வாய்ப்பு மிகுதி.

சுவீடன் நாட்டில் 1973 முதல் 2013 வரை பிறந்த நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றிய ஆராய்ச்சியொன்று 2021-இல் வெளிவந்தது. நிறைமாதத்திற் பிறந்தோருள் ஆயிரவருக்கு 14 பேரிடத்தும், 28 வாரத்துக்கு முன் பிறந்தோருள் ஆயிரவருக்கு 61 பேரிடத்தும் ஆட்டிசம் காணப்பட்டதென அது கூறும். வேற்றுமை பெரிதே, ஆயினும் எஞ்சிய 939 பேரை நாம் மறத்தலாகாது.

இனி, நாம் கருதவேண்டுவன இரண்டு. ஒன்று வயதுக் கணக்கு: மூன்று திங்கள் முன்னர்ப் பிறந்த குழவி, ஓராண்டு நிரம்பியபொழுது, வளர்ச்சியில் ஒன்பது திங்கட் குழவியோடு ஒப்பிடற்பாலது. மற்றொன்று புலன்கள்: அழைத்தும் திரும்பாத குழவிக்குச் செவிப்புலன் குறைந்திருத்தலும் கூடும். இவை நோக்கியும் ஐயம் நீங்காதாயின், தானே சரியாகுமெனக் காத்திராது மருத்துவரை நாடுதல் வேண்டும். இளமையிற் பெறும் பயிற்சி பெரிதும் உதவும்.

தாயின் அன்புக் குறைவே ஆட்டிசத்தை விளைக்குமென முன்னாளிற் சிலர் கூறியது பிழையெனத் தெளியப்பட்டது. ஆதலின் அவளைப் பழித்தல் நமக்கு அடாது; உடனின்று குழவியைக் கூர்ந்து பேணுதலே நம் கடன்.