சிறிய ஒலிப்பதிவுக் கூடம்: முதலில் எதை வாங்குவது?

கடையின் மேல்மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. அதில் சிறியதோர் ஒலிப்பதிவுக் கூடம் அமைக்கலாமா என்று நம்மவரிற் சிலர் அண்மைக் காலமாக விசாரித்து வருகின்றனர். கடை விளம்பரத்தைத் தமிழிலும் மலாயிலும் தம் குரலிலேயே பதிய வேண்டும் என்பார் ஒருவர். மகனுக்குப் பாட்டில் விருப்பம், வெளியார் கூடத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து மாளவில்லை என்பார் மற்றொருவர். வீட்டுப் பெரியவர்களின் வரலாற்றை அவர்கள் வாயாலேயே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பாரும் உளர். நோக்கம் எதுவாயினும் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி, "எந்த மைக் நல்லது?" என்பதே.

நாமும் அந்தக் கேள்வியோடுதான் தொடங்கினோம். அதனால் வந்த நட்டத்தை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

கடையநல்லூரிலிருந்து இளவயதிற் கப்பலேறி வந்து, சிங்கப்பூரில் ஆயுள் முழுவதும் வியாபாரம் செய்த ஒரு பெரியவரின் நினைவுகளைப் பதிய எண்ணினோம். ஆயிரம் வெள்ளிக்கு மேல் கொடுத்து உயர்ந்த ரகக் கண்டென்சர் மைக் ஒன்றை வாங்கினோம். அவரை மாடி அறையில் உட்கார வைத்து, மேசை நடுவில் மைக்கை நிறுத்தி, குளிர்சாதனத்தையும் ஓடவிட்டு இரண்டு மணி நேரம் பேசச் செய்தோம். தரையெல்லாம் ஓடு பதித்த அறை. சுவரில் ஒரு திரை கூட இல்லை. பின்னர்க் கேட்டபோது கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தது. ஆட்களின் பெயர், கப்பலின் பெயர், பழைய தெருக்களின் பெயர் ஆகியவையே அப்பேச்சின் சத்து; அவையே தெளிவாக விழவில்லை. அடுத்த மாதம் மறுபடி பதியலாம் என்றிருந்தோம். அதற்குள் பெரியவர் இறையடி சேர்ந்துவிட்டார். எதிரொலியைக் குறைக்கும் மென்பொருள்கள் இப்போது வந்துள்ளன. அவற்றையும் முயன்று பார்த்தோம். எதிரொலி குறைந்தது, அதனோடு சில சொற்களும் மறைந்தன.

ஆகவே, அறையே முதல் சரக்கு என்பது நமது உறுதியான அபிப்பிராயம். அறை விஷயத்தில் இரண்டு வேறு காரியங்களைப் பலரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கின்றனர். வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது ஒன்று. உள்ளே எழும் ஒலி சுவரில் மோதித் திரும்பாமல் அடக்குவது மற்றொன்று. முன்னதற்குக் கனமான சுவரும் காற்றுப் புகாத கதவும் வேண்டும், செலவு மிகுதி, வாடகைக் கடைவீட்டில் செய்வது கடினம். பின்னதோ சிறு முதலில் ஆகக்கூடியது.

கடைகளில் விற்கும் மெல்லிய பஞ்சுத் தகடுகளைச் சுவர் முழுதும் ஒட்டிவிட்டால் போதும் என்று நினைப்பது பிழை. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. கனத்த ஆண் குரலின் அடிநாதம் வினாடிக்கு 100 அதிர்வு அளவில் இருக்கும். அப்படியானால் அதன் ஓர் அலையின் நீளம் 3.4 மீட்டர். ஓர் அங்குலப் பஞ்சு அதற்குக் கொசுவலை மாதிரி. அது உச்ச ஒலிகளை மட்டும் விழுங்கிவிட்டு அடி ஒலியை அப்படியே விட்டுவிடும்; குரல் தெளிவிழந்து பானைக்குள் பேசினாற்போல் ஆகிவிடும். முட்டை அட்டையை ஒட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நான்கு அங்குலக் கனமுள்ள பாறைக்கம்பளிப் பலகைகளைத் துணியால் மூடி, சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டு, பேசுபவரைச் சுற்றி நாலைந்து இடத்தில் நிறுத்தினால் பேச்சுக்கு உதவும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சமமான பெட்டி போன்ற அறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அங்கே குறிப்பிட்ட சில அடி ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி முழங்கும்.

இங்கே துணி வியாபாரிகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. கைலியும் சட்டைத் துணியுமாகச் சரக்கு அடுக்கிய அறையே பேச்சுப் பதிவுக்குத் தக்க அறை. நடுவில் நின்று ஒரு முறை கைதட்டிப் பாருங்கள். வெற்று அறையில் 'டர்ர்' என்று ஒலி இழுபடும். சரக்கறையில் தட்டிய இடத்திலேயே அடங்கிவிடும்.

அடுத்தது தூரம். இதற்குக் காசில்லை. திறந்த வெளியில் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபல் குறைகிறது. அறையின் எதிரொலியோ அறை முழுதும் ஏறக்குறைய ஒரே அளவாய்ப் பரவியிருப்பது; அது குறைவதில்லை. நாம் மேசை நடுவில் வைத்த மைக் பெரியவரின் வாயிலிருந்து நான்கு சாண் தள்ளியிருந்தது. ஒரு சாணில் வைத்திருந்தால் குரல் 12 டெசிபல் அளவுக்கு ஓங்கியிருக்கும். அதே அறையில், அதே மைக்கில், பாதித் தொல்லை தீர்ந்திருக்கும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் சற்றுப் பக்கமாக வைத்தால் 'ப' என்னும்போது காற்று மோதி எழும் 'பொட்' ஒலியும் விழாது.

இனி மைக்குக்கு வருவோம். டைனமிக், கண்டென்சர் என்று பிரதானமாக இரு வகை. டைனமிக் மைக்கில் காந்தப் புலத்தினுள் சிறு கம்பிச் சுருள் அசைந்து மின்சாரம் பிறக்கிறது. முரடானது, ஈரத்துக்கும் சூட்டுக்கும் எளிதில் அஞ்சாது, கிட்ட வைத்துப் பேசினால் சுற்றுச் சத்தத்தைக் குறைவாகவே ஏற்கும். கண்டென்சரில் மிக மெல்லிய தகடு ஒன்றும் மின்னேற்றமும் வேலை செய்கின்றன; 48 வோல்ட் 'பேண்டம்' மின்சாரம் கம்பி வழியே அதற்குப் போக வேண்டும். நுணுக்கமாகக் கேட்கும், ஆனால் அதே நுணுக்கத்தோடு ஐந்தடி நடைபாதையிற் பேசுவோரையும் தெருவில் போகும் லாரியையும் கேட்கும். மேலும், சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாக 80 சதவிகிதத்துக்கு மேல். ஈரம் உட்சென்றால் கண்டென்சரில் கரகரப்பு எழும். அதை வாங்குவோர் காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் சேர்த்தே வாங்கட்டும்.

கடைவீட்டு மாடிக்கு நாம் டைனமிக்கையே சொல்லுவோம். ஷூர் கம்பெனியின் எஸ்.எம். 58 என்னும் மைக் 1966-ல் வந்தது, இன்றும் விற்கிறது. அதன் பெயரிலுள்ள இரண்டு எழுத்துகளும் 'ஸ்டூடியோ மைக்ரோபோன்' என்பதன் சுருக்கமே. மேடையில் பேரெடுத்தபடியால் பலர் அதை மேடைச் சாமான் என்றெண்ணி ஒதுக்குகின்றனர். அதே கம்பெனியின் எஸ்.எம். 7பி ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. அதற்கு முந்திய எஸ்.எம். 7 என்னும் டைனமிக் மைக்கில்தான் மைக்கேல் ஜாக்சன் 1982-ல் வெளியான 'திரில்லர்' தொகுப்பின் பெரும்பகுதியைப் பாடினார். டைனமிக் என்றால் தாழ்ந்த ரகம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை.

ஒரு ஜாக்கிரதை. எஸ்.எம். 58-க்குப் போலி மிகுதி. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது நீட்டினால், நாம் நம் கடையிற் செய்வதையே செய்யலாம்: தராசில் வைத்துப் பாருங்கள். அசலின் எடை 298 கிராம். எடை சரியாக இருப்பதனாலேயே அசல் என்று நிச்சயிக்க இயலாது. குறைந்திருந்தால் மட்டும் தாராளமாகச் சந்தேகிக்கலாம். அதிகாரம் பெற்ற விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்குவதே வழி.

மைக்கையும் கணினியையும் இணைக்கும் பெட்டிக்கு ஆடியோ இன்டர்பேஸ் என்று பெயர். இதில் பார்க்க வேண்டியவை இரண்டே. டைனமிக் மைக்கின் மின்சாரம் மிகப் பலவீனமானது. அதைப் பெருக்கும் திறன் பெட்டிக்கு இருக்க வேண்டும். எஸ்.எம். 7பி போன்றவை 60 டெசிபல் பெருக்கம் கேட்பவை. சில மலிவான பெட்டிகள் 50-ஐ ஒட்டியே நின்றுவிடும். பெட்டியோடு வரும் தாளில் 'கெயின்' என்ற இடத்தில் இந்த எண் இருக்கும், வாசித்துவிட்டு வாங்குங்கள். இரண்டாவது, மைக் வாயில் இரண்டாவது இருக்கட்டும். கேட்பவருக்கு ஒன்று, சொல்பவருக்கு ஒன்று. இருவரும் ஒரே மைக்கைப் பகிர்ந்துகொண்டால் இருவரும் தூரமாவர். விளம்பரக் குரல் மட்டும் போதும் என்பவருக்கு இன்டர்பேஸே வேண்டாம்; கணினியில் நேரே செருகும் யூஎஸ்பி மைக் ஒன்றே போதுமானது.

ஸ்பீக்கருக்கு இப்போது செலவு செய்யாதீர்கள். அடக்கப்படாத சிறிய அறையில் விலையுயர்ந்த ஸ்பீக்கரும் பொய் சொல்லும். காதை முழுதும் மூடும் ஹெட்போன் ஒன்று வாங்கிப் பதியும்போதே கேளுங்கள். சோனியின் எம்.டி.ஆர். 7506 என்பது 1991 முதல் இத்தொழிலில் உழைத்து வருவது. அன்று நாம் ஹெட்போன் மாட்டியிருந்தால் ஐந்தாவது நிமிடத்திலேயே நிறுத்தியிருப்போம்.

மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியமில்லை, ஆடாசிட்டி இலவசம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று அமைத்து, குரலின் உச்சம் கழித்தல் 12 டெசிபலைச் சுற்றி நிற்கும்படி வையுங்கள். பூஜ்ஜியத்தைத் தாண்டி நசுங்கிய ஒலியை முழுதாக மீட்க இயலாது. இந்த அளவில் ஒரு மைக்குக்கு நிமிடத்துக்கு 8.64 மெகாபைட், மணிக்குச் சுமார் 520 மெகாபைட் இடம் பிடிக்கும். இக்காலத்தில் அது அற்பம். ஆகையால் மூன்று பிரதி எடுத்து, அவற்றில் ஒன்றை வேறொரு கட்டடத்தில் வைத்துவிடுங்கள்.

இவ்வளவையும் வாங்குமுன் நண்பரிடம் ஒரு மைக்கை இரவல் வாங்கி, நினைத்திருக்கும் அறையில் ஒரு நிமிடம் யாரும் பேசாமல் பதிந்து கேளுங்கள். காற்றாடி, குளிர்பெட்டி, கீழ்க்கடை வானொலி எல்லாம் அதில் வரும். எவற்றை அணைக்க முடியும், எவற்றை முடியாது என்று அப்போதே தெரிந்துபோகும். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்துக்கு மட்டும் எந்தக் கடையிலும் மருந்து இல்லை. மழை விட்ட பிறகு பதிய வேண்டியதுதான்.

அந்த ஆயிரம் வெள்ளி மைக்கை விற்றுவிட்டோம். அந்தப் பணத்தில் டைனமிக் மைக் இரண்டும், பலகைகள் நான்கும், ஹெட்போன் ஒன்றும் வந்தன. இப்போது நாம் பதிவது ஒரு துணிக்கடையின் சரக்கறையில். அடுத்து உட்காரப் போகிறவருக்கு வயது 87; நாகூர்க்காரர். ஞாயிறு காலை ஏழு மணிக்கு, தெரு விழிக்குமுன், அறையைக் குளிரவைத்துக் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டுத் தொடங்குவதாக ஏற்பாடு.