மின்மிதிவண்டி: மிதியும் மின்னும்

இரண்டு சில்லுகள் கொண்டு, காலால் மிதித்துச் செலுத்தப்படும் வண்டியை நம் நாட்டார் துவிச்சக்கரவண்டி என்பர். துவி என்பது இரண்டு. சக்கரம் என்பது உருளை. தனித்தமிழில் வழங்க விரும்பியோர் அதனையே ஈருருளி என்றனர். இவ்விரு பெயரும் வண்டியின் உருவத்தை நோக்கி எழுந்தவை. மிதிவண்டி என்னும் பெயரோ அதன் தொழிலை நோக்கி எழுந்தது. அண்மைக் காலத்தில் இவ்வண்டியிலே மின்மோட்டரும் மின்கலவடுக்கும் பொருத்தி ஓட்டும் வழக்கம் உண்டாகியிருக்கின்றது. அதற்கு மின்மிதிவண்டி என்னும் பெயர் நன்கு பொருந்தும். அப்பெயரில் மின்னும் உண்டு; மிதியும் உண்டு. மிதியை மறந்து மின்னை மாத்திரம் நம்பினால் யாது நேரும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்னியும் மிதிவண்டியும்

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-34 வீதியின் இடைநடுவே உள்ளது ஒட்டுசுட்டான். மேற்கே மாங்குளம் இருபது கிலோமீற்றருக்கு மேல். கிழக்கே முல்லைத்தீவும் அவ்வளவுக்குக் குறையாது. பெருவீதியிலே பேருந்து ஓடும். ஆயின் குளக்கட்டுகளின் கீழும் காட்டோரங்களிலும் அமைந்த ஊர்களுக்குப் பெருவீதியிலிருந்து கிரவல் பாதை வழியே உள்ளே செல்லல் வேண்டும். ஆசிரியரும் மாணவரும் பாடசாலைக்கு நேரத்துக்கு வந்து சேர்வதும் சேராததும் அந்தச் சில கிலோமீற்றரிலேயே தங்கியிருக்கின்றன.

எரிபொருள் அற்ற காலத்தை இந்நிலம் இருமுறை கண்டது. 1990களில் போரின் காரணமாக வன்னிக்குப் பெற்றோலும் டீசலும் மின்கலங்களும் வருவது தடைப்பட்டிருந்தது, மின்வழங்கலும் இல்லை. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினோர் உண்டு. எனினும் பெரும்பாலோரைத் தாங்கியது மிதிவண்டியே. நெல்மூட்டையும் விறகும் நோயாளியும் அதன் கரியரில் ஏறினர். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னால் வானொலிச் செய்தி கேட்டனர். இடப்பெயர்வுகளிலே வீட்டுப் பொருள் முழுவதையும் சுமந்ததும் அதுவே. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தோடு அத்தடை தளர்ந்தது.

இரண்டாவது 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி. அவ்வாண்டு யூன் 28 தொடக்கம் யூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என அரசாங்கம் அறிவித்தது. பின்னர் கியூஆர் குறியீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றரே கிடைத்தது. அம்முறை 2023 செப்ரெம்பர் முதலாந் திகதி நீக்கப்பட்டது. அந்நாட்களிலே மூலையிற் கிடந்த மிதிவண்டிகள் துடைக்கப்பட்டு மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றை மின்வண்டியாக்கும் எண்ணமும் பலருக்கு அப்போதே பிறந்தது.

தோற்றமும் உறுப்புகளும்

மின்மிதிவண்டி புதிய கற்பனை என்று பலர் எண்ணுவர். அஃது அவ்வாறன்று. இன்று நாம் ஏறும் வடிவிலான மிதிவண்டியை இங்கிலாந்திலே ஜோன் கெம்ப் ஸ்டார்லி 1885 இல் அமைத்தார். டன்லப் என்பார் காற்றடைத்த இறப்பர்ச் சில்லை 1888 இல் உருவாக்கினார். 1895 டிசம்பர் 31 இல் அமெரிக்கராகிய ஒக்டன் போல்ற்றன், பின்சில்லின் நடுவே மின்மோட்டர் அமைந்த வண்டிக்கு ஆக்கவுரிமை பெற்றார். எனவே எண்ணம் நூற்றாண்டு கடந்தது. அதற்குத் தடையாக நின்றது மின்கலத்தின் பாரமே. இலிதியம் அயன் மின்கலம் 1991 இல் விற்பனைக்கு வந்து, பின்னர் மலிவடைந்த பின்னரே இவ்வண்டி எளியோர் கைக்கும் எட்டலாயிற்று.

பழைய வண்டியை மாற்றுவதற்கு நான்கு உறுப்புகள் வேண்டும். முதலாவது, சில்லின் குடத்தினுள்ளே அடங்கிய மோட்டர். கம்பிகளும் றிம்மும் அதனைச் சுற்றியே கோக்கப்பட்டிருக்கும். இரண்டாவது, மின்கலவடுக்கு. மூன்றாவது, மோட்டருக்குச் செல்லும் மின்னோட்டத்தை அளந்துவிடும் கட்டுப்படுத்தி. நான்காவது, ஓட்டுபவரின் கருத்தை அறிவிக்கும் கருவி. இஃது இருவகைப்படும். கையால் முறுக்கும் பிடி ஒன்று. மிதி சுழல்வதை உணர்ந்து அதற்கேற்ப மோட்டரை இயக்கும் மிதியுணரி மற்றொன்று. முன்னதில் மோட்டர் தலைவனாகும். பின்னதில் கால் தலைவனாக, மோட்டர் துணைவனாகும். இவ்வேறுபாடு பெரிது. ஐரோப்பிய ஒன்றியத்திலே மோட்டர் 250 உவாற்றுக்கு மேற்படாமலும், மிதிக்கும்போது மாத்திரம் துணைசெய்தும், மணிக்கு 25 கிலோமீற்றரில் ஓய்ந்தும் நிற்பதையே மிதிவண்டியாகக் கொள்வர். நம் நாட்டு விதி யாதென்பதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற் கேட்டறிந்தபின் மாற்றுதல் முறை.

ஒரு கணக்கு

“ஐயா, மின் இருக்கையில் ஏன் மிதிக்க வேண்டும்?” என்று மாணவர் கேட்பதுண்டு. தக்க வினா. அதற்கு விடை கணக்கிலே உள்ளது.

ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோகிராம் என்க. வன்னி நிலம் சமதரையாதலின் ஏற்றத்தை விட்டுவிடலாம். எஞ்சுவன இரண்டு தடைகள்: தரையின் தடை, காற்றின் தடை. தரையின் தடை வேகத்தோடு அதிகம் மாறுவதில்லை. காற்றின் தடையோ வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்கின்றது. மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் ஏறக்குறைய 105 உவாற்று வலு வேண்டும். 25 இல் 175. 30 இல் 275. வேகம் ஒன்றரை மடங்காக, வலு இரண்டரை மடங்குக்கு மேலாகின்றது.

இனி, 36 வோல்ற்று, 10 அம்பியர்-மணி கொண்ட மின்கலவடுக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்க 360 உவாற்று-மணி. அதில் ஐந்தில் நான்கு பங்கையே செலவிடுதல் நன்று. மோட்டரிலும் காற்பங்கு வெப்பமாகக் கழியும். ஆகவே மிதியாமல் மணிக்கு 30 கிலோமீற்றரில் விரைபவர் ஏறக்குறைய 24 கிலோமீற்றரில் நின்றுவிடுவர். 20 இல் செல்பவர் 40 கிலோமீற்றர் போவர். அதே வேகத்திற் பாதி வலுவைத் தம் காலால் தருபவர் 80 கிலோமீற்றர் போவர். ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளத்துக்கு விரைந்து சென்றவர் திரும்பிவர வழியின்றி நிற்க, மெல்ல மிதித்துச் சென்றவர் திரும்பியும் வந்து, மறுநாள் பயணத்துக்கும் மின்னை மிச்சம் வைப்பர்.

கச்சான் காற்று வீசும் மாதங்களிலே இக்கணக்கு மாறும். மேற்கு நோக்கிச் செல்கையில் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகமுள்ள காற்று எதிர்த்தால், 20 கிலோமீற்றர் வேகத்துக்கே 230 உவாற்று வேண்டும். ஒரு மனிதர் நெடுநேரம் தரக்கூடியது 75 முதல் 100 உவாற்று. ஆதலின் அங்கே மோட்டர் உண்மைத் துணையாகும். திரும்பும்போது அக்காற்றே முதுகைத் தள்ளுதலால் 50 உவாற்றே போதும். அப்போது மோட்டரை நிறுத்திவிட்டுக் காலால் மிதித்தே வீடு சேரலாம். வேண்டுமிடத்து மின்னும், வேண்டாவிடத்து மிதியும் கொள்ளுதலே சிக்கனம்.

செலவையும் நோக்குவோம். வெறுமையான இவ்வடுக்கை நிரப்ப ஏறக்குறைய 0.4 அலகு மின் போதும். ஒரு லீற்றர் பெற்றோலில் அடங்கிய சக்தி ஏறக்குறைய 9 அலகு. அதனைக் கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடுவது 45, 50 கிலோமீற்றரே. சக்தியின் பெரும்பகுதி வெப்பமாய்க் கழிவதே காரணம்.

காக்க வேண்டியவை

மின் பொருத்துமுன் தடுப்பை நோக்குக. தடுத்து நிறுத்துதற்கு வேண்டிய தூரமும் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளரும். மணிக்கு 15 கிலோமீற்றரில் ஓடிய பழைய வண்டியை 25 இல் ஓட்டினால், நிறுத்த வேண்டிய தூரம் 2.8 மடங்காகும். மாரியில் நனைந்த றிம்மிலே பழைய கம்பித் தடுப்பு வழுக்கும். ஆதலின் நல்ல பிறேக் இல்லாத வண்டிக்கு மோட்டர் பொருத்துதல் ஆபத்தை விலைக்கு வாங்குதலேயாம். பிறேக்கைப் பிடித்தவுடன் மோட்டர் ஓயும் ஆளியும் வேண்டும்.

அடுத்தது அச்சு. மோட்டர் சில்லை ஒருபுறம் சுழற்ற, அதன் அச்சு மறுபுறம் சுழல முயலும். அதனைத் தடுக்கும் இரும்புத் தகடு இல்லையேல், நாளடைவில் அச்சு சுழன்று கம்பி அறுந்து சில்லுங் கழலும். முன்சில்லில் மோட்டர் பொருத்துபவர் முன் கவை உருக்கினாலாயதா எனப் பார்த்தல் வேண்டும். அலுமினியக் கவை வெடித்துவிடக்கூடும்.

மின்கலமோ மிகுந்த கவனத்துக்குரியது. ஈயமின்கலம் மலிவாயினும் 36 வோல்ற்றுக்கு மூன்று சேர்க்க 12 கிலோகிராம் ஆகும். இலிதியம் 3 கிலோகிராமே. ஆயின் இலிதியத்துக்கு வெப்பம் பகை. அதற்குரிய மின்னேற்றியையன்றிப் பிறிதொன்றை இணைத்தலும், எல்லோரும் உறங்கும்போது ஏற்றுதலும், கிடுகு வேய்ந்த கொட்டிலிலோ வைக்கோலருகிலோ வைத்தலும் ஆகா. தீப்பற்றினால் எளிதில் அணையாது. ஆயுள் முடிந்த கலத்தைக் குப்பையோடு எரித்தலும் குளத்திலெறிதலும் பெருந்தீங்கு.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழைவெள்ளம் பாலங்களை மூடும். மோட்டரின் குடம் நீரில் மூழ்கலாகாது. மாலை மங்கியபின் காட்டுப்பாதையில் யானை நிற்றல் கூடும். அங்கே விரைவு காவலாகாது, வேளையோடு புறப்படுதலே காவல்.

முடிபு

ஆராய்ந்து காணின், இவ்வண்டியின் மேன்மை அதன் மோட்டரில் இல்லை. பெற்றோல் அற்றால் மோட்டார் சைக்கிள் வெறும் இரும்பு. மின் அற்றால் மின்மிதிவண்டியோ மீண்டும் மிதிவண்டியாகிவிடும். சற்றுப் பாரமானதாயினும் வீடு கொண்டுவந்து சேர்க்கும். இருமுறை எரிபொருளின்றித் தவித்த நிலத்தார்க்கு இக்குணத்தினும் வேறு சிறப்பு வேண்டியதில்லை. ஆதலாலே சங்கிலியைக் கழற்றிவிட்டு மிதியைக் கால்தாங்கியாக்குவோர், தம் காப்பைத் தாமே இழப்பவராவர்.

இஃது எல்லார்க்கும் வேண்டியதுமன்று. இரண்டு கிலோமீற்றர் செல்லும் இளைஞருக்கு அவர் காலே போதும். உட்கிராமப் பாடசாலைக்கு நாள்தோறும் நெடுவழி செல்லும் ஆசிரியை, முழங்கால் நோவுடைய முதியவர், பொதி சுமக்கும் சிறுவியாபாரி ஆகியோர்க்கே இது பெருந்துணை.

நமது கல்லூரியின் பழைய மாணவர்க்கு ஒன்று கூறி முடிக்கின்றேன். கடல் கடந்து வாழ்வோர் பலர் வன்னிப் பிள்ளைகளுக்கு மிதிவண்டி வழங்கிவருகின்றீர்கள், அந்நற்பணி வாழ்க. அதனோடு, ஊரிலுள்ள சைக்கிள் திருத்துநர் ஒருவருக்கு இம்மாற்றுத் தொழிலைச் செவ்வையாகக் கற்பித்து, அளவுகருவியும் நல்ல உதிரிப்பாகமும் பெற உதவுவீர்களாயின், அவர் கையால் நூறு வண்டி செப்பமுறும். பொருள் கொடுத்தல் ஒருநாள் உதவி. தொழில் கொடுத்தல் வாணாள் உதவி. அத்தொழிலாளி கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே: மின்னைச் சேர்க்கலாம், மிதியை நீக்கலாகாது.